கேக்குதா மக்கா?

2020 ஜூலையில் என் வகுப்புக்கு வந்தவர்கள் இவர்கள்: அம்மன் துணை, ஓப்போ ஏ5, அப்பா புது நம்பர், இயேசு ஜீவிக்கிறார், பிறகு வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி யாரென்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முந்தின வருஷம் முழுக்க என் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த பையன்தான். அவன் அக்கா தன் போனில் பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

எனக்கு வீடு நாகர்கோவிலில், வடசேரிச் சந்தைக்குப் பின்பக்கத் தெருவில். உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் என் பங்கு. கரும்பலகைக்குப் பதிலாகப் பழைய கேரம் போர்டைத் திருப்பி வைத்து அதன் முதுகில் சாக்பீஸால் எழுதினேன். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பேன். செயலியில் இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் வகுப்பு தானாக அறுந்துவிடும். ஒருநாள் பதிவை ஓட்டிப் பார்த்தபோது ஒரு சின்ன வெட்கம் வந்தது. அந்த 40 நிமிடத்தில் நான் கணக்கில் கேட்ட கேள்விகள் நாலோ ஐந்தோ. "கேக்குதா மக்கா?" என்று கேட்டது 31 தடவை.

பதிலும் ஒன்றுதான்: "கேக்குது சாரே."

கேட்டது என்னவோ உண்மை. விளங்கியதா என்பது வேறு சங்கதி. பெருக்கல் கணக்கு தப்பானால் நேர் வகுப்பில் ஒரு பிள்ளையின் புருவத்திலேயே தெரிந்துவிடும். திரையில் புருவம் இல்லை. கேமராவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்கள்தான். சிலருக்கு நெட் தீர்ந்துவிடும் என்ற பயம், சிலருக்கு வீட்டுச் சுவரைக் காட்டக் கூச்சம். வற்புறுத்துவது பாவம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரட்டை வேலை. காதால் வாங்குவதும் கேட்பதுதான், வாயால் வினவுவதும் கேட்பதுதான். திருக்குறளில் கல்வி, கல்லாமை, அடுத்தது கேள்வி என்று அதிகாரங்கள் வரும். அந்தக் கேள்வி முழுக்கக் காதின் வேலை. நம் வகுப்பறைகளில் காது பிள்ளைக்கும் வாய் வாத்தியாருக்கும் என்று எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. அந்த வருஷம் எனக்கு உறைத்தது இவ்வளவுதான்: பிள்ளைகளுக்கு என் குரல் கேட்கிறதா என்று ஓயாமல் விசாரித்தேனே தவிர, அவர்கள் குரல் எனக்குக் கேட்கிறதா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தச் செயலி வந்தாலும், எந்தப் பலகை வந்தாலும், என்னிடம் ஒரே உரைகல்தான். இதனால் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் குரல் என் காதுக்கு வருமா? வராதென்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இன்னொரு ஒலிபெருக்கி, அவ்வளவே.

ஒலிபெருக்கியை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊருக்கு ஒலிபரப்பில் ஒரு தனிப் பெருமையே உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது, 1984-ல். கோணத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கும் முன்னால் 1975-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பினார்கள். ஒரு வருஷம் நடந்தது, செயற்கைக்கோள் திரும்பிப் போயிற்று. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் ஏவினோம். 2018-ல் புதிய பாடநூல்களில் கியூஆர் கட்டங்கள் வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த மார்ச்சில் பள்ளிகள் மூடப்படும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? தொடங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. கையில் போன் இல்லாத வீட்டிலும் கேபிள் டிவி இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி ஐந்தாம் வகுப்பு அறிவியலை ஒரு நாள் விடாமல் பார்த்தார். "ஒளிச்சேர்க்கை எனக்கு இப்பம்தான் விளங்கிச்சு" என்று என்னிடம் சொன்னார். பேரன் அந்நேரம் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்றே விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' அடித்துவிட்டார்கள். முதல் நாள் ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன டீச்சரை ஊரே கொண்டாடியது. களியக்காவிளைப் பக்கத்துப் பெற்றோர் சிலர், "சாரே, நம்ம பக்கம் எப்பம்?" என்று கேட்டார்கள். நம் பக்கமும் பிறகு வந்தது. ஆனால் பூனைக் கதை சொன்னவருக்கும் எதிர்ப்பக்கம் எந்தப் பிள்ளை சிரித்தது என்று தெரியாது. தொலைக்காட்சியின் இயல்பு அது. குறை சொல்லிப் பயனில்லை.

போன் வகுப்பிலாவது சிரிப்பு தெரியும் என்று பார்த்தால், போன் யார் கையில் இருந்தது? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் எங்களுடையது. அந்தப் பெருமை ஊரடங்கில் ஒரு வாரம் தாங்கவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்கள் குடியிருப்புகளில் சிக்னலே அதிசயம். கடற்கரையில் அப்பாவோடு போனும் கடலுக்குப் போய்விடும். தோவாளையில் பூச்சந்தை அடைபட்டு, கோயில்களும் மூடி, ரீசார்ஜ் செய்யவே யோசிக்கிற நிலைமை. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், மூன்று பேருக்கும் பத்து மணிக்கு வகுப்பு. மத்திய அரசு அந்த ஜூலையில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாலு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம், அதற்கு மேல் கூடாது. கண்ணுக்கு நல்லதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அமர்வு முழுசாகக் கிடைத்தாலே திருவிழா.

எனவே ஆறாம் வகுப்புக்கு நேரடி வகுப்பை நிறுத்தினேன். இதை நான் கண்டுபிடித்த உத்தி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்; வேறு வழியில்லாமல் வந்தது. வாட்ஸப்பில் காலையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஒலிப்பதிவு, ஒரே ஒரு படம், ஒரே ஒரு கேள்வி. பிள்ளைகள் எப்போது போன் கைக்கு வருகிறதோ அப்போது கேட்டுவிட்டு, விடையைப் பேசி அனுப்ப வேண்டும். நோட்டுப் படம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நோட்டில் அக்கா எழுதிவிடுவாள், டியூஷன் அண்ணன் எழுதிவிடுவான். குரலை இரவல் வாங்க முடியாது. இன்னொரு வசதி, ஒரு நிமிடப் பேச்சுக்குச் சில நூறு கேபி கூடச் செலவாகாது. வீடியோ திணறுகிற சிக்னலில் குரல் எப்படியோ நுழைந்து வந்துவிடும்.

முதல் வாரம் பாதிப் பேர் "விடை ஏழு சாரே" என்று ஒற்றை வரியில் முடித்தார்கள். நான் திருப்பி "ஏன் ஏழு?" என்று மட்டும் அனுப்புவேன். அந்த "ஏன்" மெல்ல வேலை செய்தது. பேச ஆரம்பித்தார்கள். மூன்று நிமிடம், நாலு நிமிடம். நடுவில் ஆட்டின் சத்தம், குக்கர் விசில், "யாருகிட்ட பேசுத?" என்று அம்மா அதட்டுவது, "கணக்கு சாருகிட்ட" என்ற பதில். நேர் வகுப்பில் வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகள் இருட்டில் போனைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினார்கள். பக்கத்தில் சிரிக்க ஆளில்லை அல்லவா.

அதில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதி என்ன பயன்? வடசேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து நிலையம். நாட்டியக்காரர்களுக்கு வடசேரி என்றால் கோயில் நகை. வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அரக்கு நிரப்பி, சிவப்புக் கல் பதித்து, ஓரத்தில் தங்கத் தாளைத் தேய்த்து ஒட்டுவார்கள். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. சாமிக்குச் செய்தது பரதநாட்டிய மேடைக்கு ஏறியது. ஊரடங்கில் அரங்கேற்றம் இல்லை, ஆர்டரும் இல்லை. அந்த வேலை செய்கிற ஒருவரின் மகன் இவன். அப்பாவின் போனில் நகைப் படங்களுக்கு நடுவில்தான் என் பாடமும் கிடக்கும். பகலில் அவர் போனைக் கொடுக்க முடியாது, வரும் ஒன்றிரண்டு ஆர்டரும் அதில்தான். அதனால் இவன் பதில் எப்போதும் இரவு ஒன்பதரைக்கு மேல். பின்னணியில் சின்னச் சுத்தியல் சத்தம் கேட்கும்.

2021 தொடக்கத்தில் சமச்சீர் பாடம். ஒரு படத்தை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்துமா, அந்த மடிப்புக் கோடு எங்கே, எத்தனை கோடு என்பதுதான் விஷயம். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். தட்டு, கதவு, கோலம், சிலுவை என்று வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு இவன் குரல். பதக்கத்துக்கு ஒரு கோடு, நெற்றிச்சுட்டிக்கு ஒரு கோடு, ராக்கொடி வட்டமாக இருப்பதால் அதற்கு நிறைய என்று அடுக்கிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "சாரே, தனித்தனியா பாத்தா எல்லா நகையும் ஒண்ணுபோல மடியும். ஆனா தலையில வைக்கும்பம் ஒரு பக்கம் சூரியன், இன்னொரு பக்கம் சந்திரன். அப்பம் ஆடுதவங்களுக்க தலைய நடுவுல மடிச்சா பொருந்தாதுல்லா?"

சூரியப் பிறை, சந்திரப் பிறை. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இதை யோசித்ததில்லை. அன்று இரவு அந்தக் குரலை மூன்று முறை ஓட்டிக் கேட்டேன், பிறகு வீட்டுக்காரியையும் எழுப்பிக் கேட்க வைத்தேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "பய ஒங்கள விட நல்லா நடத்துகான்" என்றாள். மறுநாள் காலை ஒலிப்பதிவில் நான் பேசவில்லை. அவன் அனுமதி வாங்கி அவன் குரலையே குரூப்பில் போட்டேன். அதற்கு வந்த பதில்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பெருமையைச் சொன்னவன் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். அதே சமயம் ஒன்பதாம் வகுப்புக்கு வினாடி வினாச் செயலி ஒன்றைப் பிடித்தேன். பாட்டு, வாணவேடிக்கை, முதல் மூன்று பேருக்கு மேடை. சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, வேகமாகச் சொன்னால் கூடுதல் மதிப்பெண். முதல் நாள் பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பட்டியலை வைத்துப் பார்த்தால், மேடையில் மாறி மாறி ஏறியது அதே ஐந்து பேர். ஐந்து பேர் வீட்டிலும் வைஃபை. நன்றாகக் கணக்குப் போடுகிற ஒரு பெண் எப்போதும் கடைசியிலிருந்து இரண்டாவது. அவள் திரையில் கேள்வி திறக்கும் முன்பே மற்றவர்கள் விடை சொல்லி முடித்துவிடுவார்கள். நான் அளந்தது கணக்கை அன்று, டவருக்கு எத்தனை தூரம் என்பதை. அவள் ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. போன் செய்தபோது அவள் அம்மா, "வயித்துவலி சாரே" என்றார். நான் நம்பியதுபோல் நடித்தேன்.

ஆர்வம் என்று நாம் சொல்கிற சமாச்சாரத்தில் சத்தம் ஒரு பங்கு, சிந்தனை ஒரு பங்கு. இரண்டையும் போட்டுக் குழப்பியது என் தப்பு. பிறகு நேரக் கெடுவை அணைத்து வைக்கிற வசதியுள்ள குவிஸ்ஸிஸுக்கு மாறினேன். பெங்களூரில் 2015-ல் இரண்டு பேர் தொடங்கியது. இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. அவரவர் வேகத்தில் போகலாம், தப்பானால் அதே கேள்வியைத் திரும்பப் பார்க்கலாம். முதலிடப் பட்டியலை மறைத்தே வைத்தேன். குதிப்பு குறைந்தது. அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள். திறந்த பத்து நாளில் மழை கொட்டி மாவட்டமே வெள்ளக்காடாகி மறுபடி விடுமுறை, அது எங்கள் தலைவிதி. முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு மறுபடி பழைய பிரச்சினை. புருவம் தெரிந்தது, வாய் தெரியவில்லை. "விளங்கிச்சா?" என்றால், "விளங்கிச்சு சாரே." ஒன்றரை வருஷத்துக் குரல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒருமித்த கோஷம் பொய்யென்று பட்டது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அது சரியான விதி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் போன் ஒன்று இருக்கிறதே. அப்போதுதான் ஒரு நண்பர் பிளிக்கர்ஸ் அட்டையைக் காட்டினார். கியூஆர் கட்டம்போலக் கறுப்பு வெள்ளை வடிவம் அச்சிட்ட காகித அட்டை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். அட்டைக்கு நாலு பக்கம், நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. நான் கேள்வி கேட்டதும், தன் விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பின் மேல் இடமிருந்து வலமாக ஓட்டினால் அத்தனை விடையும் பதிவாகிவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளை பார்த்துத் திருப்ப முடியாது. வடிவங்களும் ஒவ்வொன்றும் வேறு. கை தூக்குவதில் இருக்கிற ஆபத்தெல்லாம், அதாவது முதல் பெஞ்சு தூக்கினால் எல்லாரும் தூக்குவது, இதில் கிடையாது. பிள்ளைகளுக்கு மின்சாரமும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். 40 அட்டை இலவசமாகவே இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

முதல் நாள் கேட்ட கேள்வி: 0.5, 0.45, 0.125, இவற்றில் பெரியது எது? ஒன்பதாம் வகுப்புக்கு இதைக் கேட்பதே அவமானம் என்று நினைத்துத்தான் கேட்டேன். போனைப் பார்த்தால் பாதிக்கு மேல் 0.125. நூற்றி இருபத்தைந்து பெரிது, ஐந்து சிறிது என்ற முழு எண் கணக்கு. இந்தப் பிள்ளைகள்தான் ஐந்து நிமிடம் முன்பு "விளங்கிச்சு சாரே" என்றவர்கள்.

விடையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அது கடினமான வேலை, வாத்தியார்களுக்குத் தெரியும். "பக்கத்துல இருக்கவன்கிட்ட ஒன் விடை ஏன் சரின்னு சொல்லு. ரெண்டு நிமிஷம்" என்றேன். இது எரிக் மாசூர் என்ற ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த முறை. நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர்தான். அடிப்படைக் கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்த்தபோது அவர்களுக்கு விளங்கவே இல்லை என்று கண்டுபிடித்தார். முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்து ஆளோடு வாதம், பிறகு மறுபடி விடை. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் வாதம் வீண், பாடத்தைத் திரும்ப நடத்து. 70-க்கு மேல் என்றால் அடுத்ததற்குப் போ. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் பேச விடு.

மூன்றாவது பெஞ்சில் 23-ஆம் எண் அட்டைக்காரி தோவாளைப் பிள்ளை. வீட்டில் பூ வியாபாரம், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எடை போடப் போகிறவள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம் அடித்தொண்டையில் சொன்னது என் காதில் விழுந்தது: "புள்ளே, புள்ளி அஞ்சு கிலோன்னா அரைக் கிலோ பிச்சி. புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சுன்னா நூத்தி இருபத்தஞ்சு கிராம். எது கூடுதல்?" அந்த வாதம் பெஞ்சு பெஞ்சாகப் பரவியதை நான் நின்று பார்த்தேன். மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். மூன்று பேரைத் தவிர எல்லாரும் திருப்பிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை நடத்தவில்லை.

இதை அமெரிக்காவிலிருந்து வந்த அதிசயம் என்று நினைத்தால் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் சிரிக்கும். சட்டாம்பிள்ளை என்ற ஏற்பாடு எதற்கு இருந்தது? தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசானாக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பின்னால் அது மிலிட்டரி டிரில் மாதிரி இறுகிப்போயிற்று, அது வேறு கதை. மணலும் அந்தக் காலத்துக் கருவிதான். அழித்து அழித்து எழுதலாம், தப்புக்குச் செலவில்லை. எந்த ஸ்மார்ட் போர்டும் இன்றுவரை இதைவிடப் பெரிய வசதி ஒன்றைச் செய்துவிடவில்லை.

ஸ்மார்ட் போர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வட்டாரத்தில் பல பள்ளிகளிலும் இப்போது பெரிய திரை வந்துவிட்டது. அதில் ஓடுவது பெரும்பாலும் யூடியூப் வீடியோ. வீடியோ ஓடும்போது வகுப்பு அமைதியாக இருக்கும், தலைமையாசிரியருக்குத் திருப்தி. அந்த அமைதியை நான் நம்புவதில்லை. அதே திரையில் ஃபெட் பாவனைப் பரிசோதனைகளைப் போட்டால் கதையே வேறு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது. இலவசம், பலவற்றுக்குத் தமிழும் உண்டு, ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஒரு பிள்ளையைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, "இதை இழுத்தா என்ன ஆகும்னு மொதல்ல சொல்லு, அப்புறம் இழு" என்று சொல்ல வேண்டும். முதலில் சொல்ல வைப்பதுதான் முக்கியம். சொல்லிவிட்டால் அது அவன் பந்தயம். வகுப்பே அவனுக்காகவும் அவனுக்கு எதிராகவும் கத்தும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார்.

கருவி வெறியர்கள் என்னிடம் சண்டைக்கு வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரடங்கில் பிள்ளைகள் இழந்ததை மீட்டது எந்தச் செயலியும் இல்லை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளி மூடியதால் விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்பில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. ஊர்த் தன்னார்வலர் ஒருவர், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், தெருத் திண்ணையோ கோயில் வாசலோ, சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள். எங்கள் தெருவில் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி நடத்தினாள். நான் போய்க் கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். பிள்ளைகள் அவளிடம் பேசிய பேச்சில் பாதியை என்னிடம் பேசியதில்லை. அங்கே மைக் இல்லை, லிங்க் இல்லை, மியூட் இல்லை.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். பெரு நாட்டில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சில வருஷம் கழித்து அளந்து பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் ஒரு முன்னேற்றமும் தென்படவில்லை. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கை, இந்தக் கருவி யாருடைய நிபந்தனையில் ஓடுகிறது என்று தலைப்பிலேயே கேட்டது. பெட்டியைக் கொடுத்தவர்கள் பெட்டியை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ண எளிதானது அது.

இப்போது வீட்டுப்பாடத்தைச் செயற்கை அறிவு செய்து தருகிறது. ஸ்டெப் ஸ்டெப்பாக, என்னைவிட அழகாக. சக ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். நான் பழைய வழக்கத்துக்கே போயிருக்கிறேன். நோட்டு வேண்டாம், ஒரு நிமிடம் பேசி அனுப்பு. எழுதிக் கொடுத்ததை வாசித்தால் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. இவ்வளவு நாள் கேட்ட காது. வாசித்தாலும் சரி, "ஏன்?" என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்பினால் உண்மையான வகுப்பு அங்கே ஆரம்பிக்கும். இதற்கு விலை என் ராத்திரி. 38 பேர், ஆளுக்கொரு நிமிடம். கேட்டு முடிக்கப் பத்தரை ஆகிவிடும். எந்தச் செயலியின் விளம்பரத்திலும் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள். தினமும் எல்லாரையும் கேட்க என்னாலும் முடியாது. நாளுக்குப் பத்துப் பேர் என்று முறை வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் பள்ளி விட்டு வரும்போது மழையில் பை நனைந்து பிளிக்கர்ஸ் அட்டைக் கட்டு ஊறிவிட்டது. வெறும் காகிதத்தில் அச்சிட்டால் ஒரு மாதம்கூட உழைப்பதில்லை. கல்யாணக் கார்டின் முதுகில் ஒட்டினால் ஒரு வருஷம் தாங்கும். வடசேரிப் பக்கம் இருக்கிறவர்கள், வீட்டில் பழைய கல்யாணக் கார்டுகள் கிடந்தால் தூரப் போட்டுவிடாதீர்கள். கெட்டியான அட்டை 40 வேண்டும்.